பறங்கி என்னும் ஒரு சொல்: தத்துவ போதகரின் வாழ்வு



கோவில், பூசை, குரு, வேதம் என்னும் சொற்களை நீங்கள் நாள்தோறும் வழங்கி வருகிறீர்கள். இவை நம் திருச்சபையின் வழக்கில் வேரூன்ற உழைத்தவர்களுள் ஒருவர், தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலி சுவாமியார். அவருடைய வாழ்வை இவ்வாரம் சற்றே தியானிப்போமாக.

இவர் 1577-ம் ஆண்டு இத்தாலி தேசத்தில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவாவுக்கும், 1606-ம் ஆண்டு நவம்பரில் மதுரைக்கும் வந்து சேர்ந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துகேய குருவானவர் பதினோரு ஆண்டுகளாய் உழைத்து வந்தார். அவருடைய பக்தியில் குறைவில்லை. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தினார். ஆயினும் நகரத்தார் மனந்திரும்ப முன்வரவில்லை.

காரணம் என்ன? பெரும்பாலும் ஒரு சொல்லே. பறங்கி என்பது போர்த்துகேயருக்குக் கிறிஸ்தவன் என்பதற்கு ஈடான பெயராகத் தோன்றிற்று. ஞானஸ்நானம் கேட்பவனிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்றே வினவினார்கள். மதுரையாருக்கோ அது மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, குளியாமல் திரியும் கூட்டத்தின் பெயர். குருவானவர் சேசுநாதரிடம் அழைத்தார். கேட்டவன் காதிலோ பெற்றோரையும் குலத்தையும் விட்டு இழிந்துபோ என்று விழுந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் அறியவில்லை.

நொபிலி சுவாமியார் காவி உடுத்தார், மாமிசத்தை நீக்கினார், தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் பிராமணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். போர்த்துகேயச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஓதுவதை விட்டு, இந்நாட்டுச் சொற்களாலேயே வேதம் போதித்தார்.

சீன தேசத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. போர்த்துகேயரை அங்கே ஃபொலாங்ஜி என்றார்கள். அது நம் பறங்கிக்கு உறவான சொல். மத்தேயு ரிச்சி சுவாமியார் முதலில் பௌத்த துறவிகளின் உடையை அணிந்தார். கற்றோரிடம் அதற்கு மதிப்பில்லை என்றறிந்து, 1595-ல் பண்டிதர் உடைக்கு மாறினார். சீனர் முன்னோருக்குச் செய்யும் வணக்கம் அவர்களுக்குப் பெற்றோர் மரியாதை. ஐரோப்பியர் பலருக்கோ அது விக்கிரக ஆராதனை. 1715-ல் பாப்பரசர் 11-ம் கிளமெந்து அதைத் தடை செய்தார். 1939-ல்தான் 12-ம் பத்திநாதர் காலத்தில் அது அனுமதிக்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்!

நொபிலி சுவாமியாருக்கும் சோதனை வந்தது. பூணூலும் குடுமியும் சந்தனமும் அஞ்ஞானம் என்று 1610-ல் பெர்னாந்தஸ் சுவாமியாரே முறையிட்டார். வழக்கு கோவாவுக்கும் ரோமைக்கும் போயிற்று. 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் பாப்பரசர் 15-ம் கிரகோரி அவ்வழக்கங்களை அனுமதித்தார்.

குறையையும் மறைக்கலாகாது. தாம் பறங்கியல்ல, ராஜ குலத்தார் என்று அவர் அறிவித்தார். உயர்குலத்தாரின் மனதை அறிந்தவர், அவர்களுடைய சாதிப் பிரிவினையையும் தழுவிக்கொண்டார். ஒரே நகரில் கிறிஸ்தவர்கள் இரு கூட்டமாய்ப் பிரிந்து நின்றார்கள். அந்தக் காயம் தமிழ்நாட்டுத் திருச்சபையில் இன்னும் முற்றும் ஆறவில்லை. வழக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு. அநீதிக்கு இணங்குவது வேறு.

முதுமையில் கண்பார்வை மங்கி, நமக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில் 1656-ம் ஆண்டு ஜனவரி 16-ம் நாள் அவர் காலமானார்.

பிரியமானவர்களே, நம் காஞ்சியில் தறி நெய்வோரில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். மாமியார் மருமகளுக்குள்ளும் ஒரு சொல் இரு பொருள் தருவதுண்டு. அடுத்தவர் சொல் உங்களைச் சுடும்போது, கோபிக்குமுன் அவர் எப்பொருளில் சொன்னார் என்று கேளுங்கள். உங்கள் சொல் அவர் காதில் எப்படி விழுந்ததென்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டாம்.