செருப்புத் தைத்தவர் செய்த விளையாட்டு

கையில் ஊசியும் தோலும். தலைக்குள்ளோ பூதங்கள்! அமெரிக்காவில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், வேலை இழந்த ஒருவர் வீட்டிலேயே செருப்புப் பழுது பார்த்து வந்தார். ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமே! அவர் பெயர் கேரி கைகாக்ஸ்.

1938-ம் ஆண்டு சிகாகோவில் பிறந்தவர். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய பிடில் வித்வான். மகனுக்குப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை. கதைப் புத்தகமும் போர் விளையாட்டும்தான் ஏறின. இன்ஷுரன்ஸ் வேலையும் 1970-ல் போயிற்று.

1972-ல் டேவ் ஆர்னிசன் என்ற நண்பர் புதுவித ஆட்டம் ஒன்றை ஆடிக் காட்டினார். அதை வைத்து இருவரும் உருவாக்கியதுதான் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக வேஷம் ஏற்பார்கள். அரிதாரம் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். குகைக்குள் நுழைவதா, ஓடிவிடுவதா? அவரவர் இஷ்டம். பிழைத்தார்களா என்பதைப் பகடை சொல்லும்.

1974-ல் 1,000 பெட்டிகள் தயாராயின. விலை 10 டாலர். எல்லாம் விற்றுத் தீர்ந்தன!

பிறகு வந்தது வம்பு. 1977-ல் வெளியான பூதங்களின் புத்தகத்தில் நரகத்துப் பிசாசுகள் இருந்தன. ஆடை குறைந்த படங்களும் இருந்தன. பெற்றோர் சிலர் முகம் சுளித்தனர். அதில் தவறில்லை. ஆனால் விதிகளை வேண்டியபடி மாற்றிக்கொள்ள விளையாட்டே இடம் கொடுத்தது. சிறுவர்களோடு ஆடுகிறவர் பிசாசை விலக்கிவிடலாம்.

1982-ல் வர்ஜீனியாவில் ஒரு மாணவன் தற்கொலை செய்துகொண்டான். விளையாட்டே காரணம் என்று தாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று. தாயின் துயரம் தள்ளுபடியாகுமா? மறு ஆண்டே சங்கம் அமைத்துப் பிரசாரம் செய்தார். 1985-ல் கைகாக்ஸ் டெலிவிஷனில் தோன்றி, இது வெறும் கற்பனைதான் என்று வாதாடினார். விளையாட்டு தற்கொலைக்குத் தூண்டுவதாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் காணவில்லை.

அதே ஆண்டு, பங்குச் சண்டையில் கம்பெனி அவர் கையை விட்டுப் போயிற்று. 1989-ல் வந்த புதுப் பதிப்பில் பிசாசு என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அதே பிசாசுகள் வாயில் நுழையாத புதுப் பெயர்களில் திரும்பி வந்தன! 2000-ம் ஆண்டுப் பதிப்பில் பழைய பெயர்களும் வந்துவிட்டன.

அப்போது கைகாக்ஸ் உயிரோடு இருந்தார். 2008 ஜனவரி வரை லேக் ஜெனீவாவில் வாரந்தோறும் நண்பர்களோடு பகடை உருட்டினார். மார்ச் 4-ந் தேதி காலமானார். வயது 69.