பெரியாழ்வார்: குழலிசையின் மெய்ப்பாட்டைப் பாடிய புதுவைக் கவிஞர்

விட்டுசித்தர் என்னும் பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் ஆனித் திங்கள் சுவாதி நாளில் பிறந்தவர் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். இன்று இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ள மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமே அவர் வாழ்ந்த நிலம். வடபத்திரசாயிக்கு நந்தவனம் அமைத்து மாலை தொடுத்தல் அவர் மேற்கொண்ட தொண்டு. பாண்டியன் வல்லபதேவன் அவையில் பரதத்துவம் நிறுவிப் பொற்கிழி பெற்றமையும், துளசியடியில் கண்டெடுத்த ஆண்டாளை மகளாக வளர்த்தமையும் மரபு போற்றும் செய்திகள். அம்மன்னனைச் சீமாறன் சீவல்லபன் (கி.பி. 815–862) எனக் கொள்வோர் ஆழ்வாரை 9ஆம் நூற்றாண்டினராகக் கருதுவர்.

பிள்ளைத்தமிழின் முன்னோடி என்பது இலக்கிய வரலாறு அவருக்கு அளித்த இடம். இசை எழுப்பும் உணர்வைச் சொல்லில் வடித்த அவரது திறமும் அதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் ஆறாம் திருமொழி 11 பாசுரங்களில் கண்ணனின் குழலோசையைப் பாடுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் சுரங்களைச் சுவைகளுக்கு உரிமையாக்கியது. கிரேக்க அறிஞர் பிளாட்டோவின் குடியரசு பண்வகைகளை மனப்பண்புகளோடு பொருத்தியது. பெரியாழ்வாரோ உணர்வுக்குப் பெயரிட்டு அமையாமல், கேட்ட உயிர்களின் இயல்பான தொழில் நின்றுபோவதைக் காட்டுகிறார். மேய்ந்த புல் மானின் கடைவாய் வழியே நழுவுகிறது. பசுக்கள் செவியாட்டவும் மறக்கின்றன. நாரதரும் தும்புருவும் தத்தம் வீணையை மறக்கின்றனர்.

இம்முறைக்குச் சங்க மரபில் வேர் உண்டு. அகநானூற்றின் 102ஆம் பாட்டில், கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்ட களிறு தினைக்கதிரைக் கொள்ளாமலும் நின்ற இடம் பெயராமலும் உறங்கிவிடுகிறது. உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்னும் தொல்காப்பிய நெறிக்கு இரண்டும் சான்றாகின்றன. எண்வகை மெய்ப்பாட்டுள் மருட்கையே இவற்றில் மேலோங்குகிறது. ஆயினும் ஆழ்வார் ஒரு படி மேற்செல்கிறார். கேட்போரின் மெய்யோடு ஊதுபவனின் மெய்யையும் அவர் தீட்டுகிறார். இடத்தோளிற் சாய்ந்த முகமும், துளைகளைத் தடவும் சிறுவிரல்களும், புருவத்து அரும்பும் வியர்வையும் இசையைப் பிறப்பிக்கும் உழைப்பைக் கட்புலனாக்குகின்றன. தெய்வ இசை இங்கு ஓர் ஆயர் சிறுவனின் மூச்சாகவே நிலைபெறுகிறது.

இறுதிக் காலத்தை ஆழ்வார் திருமாலிருஞ்சோலையில் கழித்தார் என்பது மரபு. இத்திருமொழியின் பயனாக அவர் கூறுவது, இதனைக் கற்று வல்லவர்கள் குழலையும் வென்ற குளிர்ந்த வாயினராய் அடியார் குழுவில் ஏற்கப்படுவர் என்பதாகும். இசையை விவரிக்கும் மொழி இசைக்கு ஈடாகாது என்னும் ஐயத்திற்கு அவர் இடமளிக்கவில்லை. தமிழ் குழலை வெல்லும் என்பதே அவர்தம் துணிபு.