கையுறை தந்த மேதை

அறுவை அரங்கில் மருத்துவர்கள் அணியும் மெல்லிய ரப்பர் கையுறையை நாம் அனைவரும் அறிவோம். அதைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவரை அறிந்தவர் சிலரே. அவர் பல்லாண்டுகள் போதை மருந்தின் பிடியில் வாழ்ந்தவர் என்பதை அறிந்தவர் இன்னும் சிலரே. அவர்தாம் அமெரிக்க அறுவை மருத்துவ மேதை வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்.

1852ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார் அவர். யேல் கல்லூரியில் பயின்ற காலத்தில் நூலகத்தைவிட விளையாட்டுத் திடலே அவரை ஈர்த்தது. பின்னர் மருத்துவத்தில் மனம் பதிந்தது. 1877இல் பட்டம் பெற்று, ஐரோப்பாவிலும் பயின்று திரும்பி, நியூயார்க்கில் துணிவும் வேகமும் மிக்க அறுவை மருத்துவராகப் புகழ் பெற்றார்.

1884ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் திருப்பியது. கோகெயின் கரைசலை இட்டால் கண் மரத்துப்போகும் என்பதை வியன்னாவில் கார்ல் கோலர் கண்டறிந்தார். அதையே நரம்பில் செலுத்தினால் அந்த உறுப்பு முழுவதும் மரத்துப்போகும் அல்லவா என்று ஹால்ஸ்டெட் சிந்தித்தார். தம் உடலிலும் தோழர்கள் உடலிலுமே சோதித்து வெற்றியும் கண்டார். இன்று பல் பிடுங்கும்போது நாம் வலியின்றி இருக்கிறோமே, அதற்கு வழிகாட்டிய ஆய்வு அது. ஆனால் அந்த மருந்து மனிதனை அடிமைப்படுத்தும் என்பதை அன்று அவர்கள் அறியவில்லை. தோழர்களிற் சிலர் அதனாலேயே அழிந்தனர். ஹால்ஸ்டெட்டும் நிலைகுலைந்தார். 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வாக்கியங்களே பொருள் புரியாமல் சிதறிக் கிடந்தன.

அந்நேரத்தில் அவருக்குக் கை கொடுத்தவர் நண்பரான டாக்டர் வில்லியம் வெல்ச். 1886இல் பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் சேர்ந்தார். வெளிவந்ததும் பால்டிமோர் நகரிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் வெல்ச் அவருக்கு இடம் தந்தார். 1887இல் மீண்டும் வீழ்ந்தார்; மீண்டும் மருத்துவமனை; மீண்டும் அதே ஆய்வுக்கூடம். வீழ்ந்தவன் என்று நண்பர் கதவை அடைக்கவில்லை.

அந்தத் திறந்த கதவினால் உலகம் பெற்றது எவ்வளவு! குடலின் எந்த அடுக்கை ஊசி பற்றினால் தையல் நிற்கும் என்பதை அங்கே கண்டறிந்தார். 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைத் துறையின் தலைமையை ஏற்றார். அங்கே தலைமைச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியால் புண்ணாயின. அவருக்காகவே மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். 1890இல் அவரையே மணந்தும் கொண்டார். செவிலியின் புண்ணுக்கென வந்த கையுறை பின்னர் எண்ணற்ற நோயாளிகளைக் கிருமிகளிலிருந்து காத்தது. வேகத்தை விட்டுப் பொறுமையாக, இரத்தம் வீணாகாமல் அறுக்கும் முறையைப் போதித்தார். மூளை அறுவையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங் அவரிடம் பயிற்சி பெற்றவரே.

அவர் முற்றும் குணமடைந்தாரா? இல்லை. கோகெயினுக்குப் பதிலாக மார்ஃபின் பற்றிக்கொண்டது. உடன் பணியாற்றிய டாக்டர் வில்லியம் ஆஸ்லர் அதை எழுதி முத்திரையிட்டு வைத்தார். 1969இல்தான் அது வெளியாயிற்று. 1922இல் ஹால்ஸ்டெட் பேராசிரியராகவே, மதிப்புக் குன்றாமல் மறைந்தார்.

அப்போது அதே பால்டிமோர் நகரில் ஏழு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வறுமையில் வளர்ந்துகொண்டிருந்தாள். பின்னாளில் பில்லி ஹாலிடே என்று உலகம் போற்றிய பாடகி அவர். அவரையும் போதைப் பழக்கம் பற்றியது. ஆனால் காலம் மாறியிருந்தது. 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்திற்குப் பின் அமெரிக்காவில் போதைக்கு அடிமையானவர் குற்றவாளியாகவே நடத்தப்பட்டார். 1947இல் நீதிமன்றத்தில் மருத்துவமனைக்கு அனுப்பும்படி ஹாலிடே வேண்டினார், சிறைக்கே அனுப்பினர். விடுதலையான பின்பு, நியூயார்க்கில் மது விற்கும் அரங்குகளில் பாடும் உரிமமும் மறுக்கப்பட்டது. 1959இல் மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்டு, 44ஆம் வயதில் மறைந்தார்.

நோய் ஒன்றுதான். ஒருவருக்கு நண்பரின் கை கிடைத்தது. மற்றவருக்குக் கைவிலங்கு கிடைத்தது. போதை கொடியது என்பதில் ஐயமில்லை. ஹால்ஸ்டெட்டின் தோழர்களே அதற்குச் சான்று. ஆயினும் அதில் சிக்கியவரை எங்கே அனுப்புவது என்பதே கேள்வி. செல்வமும் செல்வாக்கும் உடைய நண்பர்களால் ஹால்ஸ்டெட் பெற்ற சிகிச்சை, ஏதுமற்ற ஏழைக்கும் உரிமையாக வேண்டாமா? தோழர்களே, அறுவை அரங்கின் கையுறையைக் காணும்போதெல்லாம் இதையும் எண்ணிப் பார்ப்போம்.