பெயர் மாறினால் மருந்தும் நஞ்சு: தாவர அறிஞர் இப்னு அல்-பைத்தார்

நம் வீட்டுச் சமையலறைப் புளிக்கு அறிவியல் உலகில் டாமரிண்டஸ் இண்டிகா என்று பெயர். முதல் சொல் பேரினத்தைக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் சிற்றினம் தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் இந்த இருசொற் பெயரிடும் முறையைத் தாவரங்கள் அனைத்துக்கும் சீராகக் கையாண்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். ஆண்டு 1753. ஆனால் அந்த முதல் சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. புளியை அரபுகள் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுவே லத்தீனில் டாமரிண்டஸ் ஆனது. பின்னால் இண்டிகாவும் சேர்ந்ததால், பெயரில் இந்தியா இரண்டு தடவை வந்துவிட்டது!

லின்னேயஸுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, செடிகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை இங்கே நினைவுகூர்கிறோம். ளியாவுத்தீன் அப்துல்லாஹ் இப்னு அஹ்மத் என்பது அவர் பெயர். பைத்தார் என்றால் கால்நடை மருத்துவர். இப்னு அல்-பைத்தார் என்ற பெயரே வரலாற்றில் நிலைத்தது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தலூஸின் மாலகா நகரில் பிறந்தார்.

அன்றைய மருத்துவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கிரேக்க அறிஞர் டயாஸ்கோரிடிஸின் மூலிகை நூலை 9-ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் அரபுக்கு மொழிபெயர்த்திருந்தார்கள். ஆனால் எந்தச் செடி என்று தெரியாத இடங்களில் கிரேக்கப் பெயரையே அரபு எழுத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் வரும் யாராவது அறிந்து சொல்லட்டும் என்பது அவர்கள் எண்ணம். புத்தகத்தில் மருந்து இருக்கிறது, ஆனால் அது எந்தச் செடி என்று தெரியாது! போதாக்குறைக்கு அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலே சொல் மாறிவிடும். நாட்டு மருந்துக் கடையில் பெயரை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இப்னு அல்-பைத்தார் செவில் நகரில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தியிடம் பயின்றார். அந்த ஆசிரியர் தாவர அறிஞர் மட்டுமல்ல, ஹதீஸ் கலை வல்லுநரும்கூட. ஒவ்வொரு செய்தியையும் சொன்னவர் பெயரோடு பதியும் பழக்கம் மாணவரிடமும் காணப்படுவது தற்செயல் அல்ல என்றே நாம் கருதுகிறோம்.

1220-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். வட ஆப்பிரிக்கா, ரோமர் தேசம் என்று நடந்து, செடி முளைத்திருக்கும் இடத்திலேயே அதைப் பார்த்து, அந்தந்த ஊரார் சொல்லும் பெயரைக் கேட்டறிந்தார். எகிப்தில் சுல்தான் அல்-காமில் அவரை மூலிகையாளர்களுக்குத் தலைவராக்கினார். 1238-இல் அந்த சுல்தான் இறந்தபின், அவருடைய மகன் அஸ்ஸாலிஹ் அய்யூபிடமும் பணி தொடர்ந்தது.

டமாஸ்கஸில் இவரிடம் பயின்ற இப்னு அபீ உஸைபிஆ, மருத்துவர் வரலாறு எழுதியவர். ஆசிரியரோடு ஊருக்கு வெளியே செடி தேடிப் போனதை அவர் பதிந்திருக்கிறார். ஒரு செடியைக் கண்டதும் ஆசிரியர் முதலில் அதன் கிரேக்கப் பெயரைச் சொல்வாராம். பிறகு டயாஸ்கோரிடிஸ் சொன்னது, காலன் சொன்னது, பின்வந்தவர்கள் எங்கே மாறுபட்டார்கள், எங்கே தவறினார்கள் என்று வரிசையாக விளக்குவாராம். மாணவர் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் எதுவும் விடுபட்டிருக்காது!

அவருடைய பெருநூல் அல்-ஜாமிஃ. சுமார் 1,400 மருந்துகளும் உணவுகளும் அதில் அகர வரிசையில் உள்ளன. ஒரே பொருளுக்குக் கிரேக்கம், பெர்பர், அந்தலூஸ் மக்களின் லத்தீன் வழக்கு எனப் பல பெயர்களைத் தருகிறார். பிழை நேராதபடி, தேவையான இடங்களில் உயிர்க்குறியையும் புள்ளியையும் குறித்துவைக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். அத்ரிலால் என்ற செடி. பெர்பர் மொழியில் பறவையின் கால் என்று பொருள். எகிப்தில் அதையே காக்கைக் கால் என்றார்கள். வட ஆப்பிரிக்காவின் பிஜாயா பகுதியில் ஒரு குலத்தார் இதன் விதையை வெண்புள்ளிக்கு மருந்தாகக் கொடுத்துவந்தார்கள். விதையை உட்கொண்டு, புள்ளி உள்ள இடத்தை வெயிலில் காட்ட வேண்டும். அந்த இடம் கொப்பளிக்கும். இதை விரிவாக எழுதிவைத்தவர் இப்னு அல்-பைத்தார். இச்செடி கொத்தமல்லி, சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்ரடீஸின் உயிரைக் குடித்த நச்சுச்செடியும் அதே குடும்பம்தான். பூவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெயரில் தவறினால் என்ன விலை கொடுக்க நேரும் என்று பாருங்கள்.

இவரை வகைப்பாட்டியலின் தந்தை என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. அவர் செடிகளைப் பேரினம், குடும்பம் என்று பிரிக்கவில்லை. அகர வரிசையில்தான் அடுக்கினார். ஆனால் ஒரு செடிக்கு வழங்கும் பல பெயர்களை ஓரிடத்தில் கொண்டுவந்து, எது எதைக் குறிக்கிறது என்று உறுதி செய்வதை இன்றைய தாவரவியலாரும் இணைப்பெயர் என்ற தலைப்பில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 646-இல், அதாவது 1248-இல், இப்னு அல்-பைத்தார் டமாஸ்கஸில் காலமானார். அவர் எழுதிய அத்ரிலாலுக்கு லின்னேயஸ் 1753-இல் அம்மி மேஜஸ் என்று பெயரிட்டார். 1940-களில் எகிப்திய ஆய்வாளர்கள் அதன் விதையிலிருந்து பிரித்தெடுத்த பொருள், புற ஊதா ஒளியோடு சேர்த்து வெண்புள்ளிக்கான சிகிச்சையாயிற்று.