பட்டம் இல்லாத ஜீன் மேப்காரர்

ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெயர் நம்ம சிலபஸில் எங்கேயும் வராது. ஆனாலும் டிப்ளமோ படிக்கிற நாம் அவசியம் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய ஆள் என்பது என் கட்சி. ஏன்னா, மனித ஜீன்களுக்கு மேப் போட வழிகாட்டிய இவரிடம் அறிவியல் பட்டம் எதுவுமே கிடையாது!

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். கல்லூரியில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். ஜீன் பாடமெல்லாம் தங்கை நவோமியோடு எலி வளர்த்துக் கற்றதுதான்.

குரோமோசோமை ஒரு கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்கள் அதில் முடிச்சுகள். விந்தும் முட்டையும் உருவாகும்போது ஜோடிக் கயிறுகள் அறுந்து, துண்டு மாற்றி ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து முடிச்சுகள் பிரிவது அபூர்வம், தள்ளி இருந்தால் அடிக்கடி பிரியும். ஆக, எத்தனை தடவை பிரிகிறது என்று எண்ணினாலே தூரம் கிடைச்சிடும். ஸ்கேலும் வேண்டாம், மைக்ரோமீட்டரும் வேண்டாம்! 100-க்கு 1 தடவை பிரிந்தால் ஒரு சென்டிமார்கன். அந்தப் பெயரை வைத்தவரும் ஹால்டேன்தான்.

எலியில், ஈயில் இதைப் பண்ணலாம். மனுஷனை அப்படிக் கூண்டில் வளர்த்து எண்ண முடியுமா? அதனால் ஜூலியா பெல் என்ற அம்மையாரோடு சேர்ந்து குடும்ப வம்சாவளிகளை அலசினார். அடிபட்டால் ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா, நிறக்குருடு இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது முன்பே தெரியும். இரண்டும் ஓடுகிற வீடுகளில் எந்தப் பையனுக்கு எது வந்தது என்று கணக்குப் போட்டு, இரண்டு ஜீன்களும் நெருங்கியவை என்று 1937-ல் காட்டினார்கள். மனிதனில் இப்படி அளந்தது அதுவே முதல் தடவை. ஹீமோஃபீலியாவில் இரண்டு வகை உண்டு என்பதே 1952-ல்தான் தெளிவானது. நிறக்குருடு ஜீனுக்குப் பக்கத்தில் இருப்பது அதில் ஒன்று மட்டும்தான்.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு யோசனையும் சொன்னார். நடுவயதில் தாக்கி ஆளை உருக்குலைக்கிற ஹண்டிங்டன் நோயின் ஜீனுக்குப் பக்கத்தில், ரத்த குரூப் மாதிரி சுலபமாகப் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று அகப்பட்டால், யாருக்கு அந்நோய் வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்பதே அது.

ஹால்டேன் 1957-ல் கல்கத்தா வந்தார், 1961-ல் இந்தியக் குடிமகனானார், 1964-ல் புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். அவர் தேடச் சொன்ன அடையாளம் 1983-ல் 4-ஆம் குரோமோசோமில் அகப்பட்டது. ரத்த குரூப் அல்ல, ஒரு டி.என்.ஏ. துண்டு. அதைப் பிடித்துக்கொண்டே போய் 1993-ல் ஜீனையே கண்டுபிடித்துவிட்டார்கள்.