குருவருள் பெற்ற யோகர் சுவாமிகள்

குருவருளின்றித் திருவருள் கிட்டாது என்பது சைவ மக்களின் நம்பிக்கை. ஆனால் குரு எப்போதும் இன்சொல் பேசி அணைப்பவராக வருவதில்லை. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் அவதரித்தார். தந்தையார் மலையகத்திலே மஸ்கெலியாவில் வணிகம் செய்தவர். இளமையிலேயே தாயை இழந்த சுவாமிகள், உறவினரிடம் வளர்ந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியக் காப்பாளராகக் கடமையாற்றினார்.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் இருந்தார். ஊரார் அவரை விசரர் என்று ஒதுக்கினர். அவரோ யோகரைக் கண்டதும் யாரென்று அதட்டிக் கேட்டார். அந்தக் கேள்வி யோகரின் உள்ளத்தைத் தைத்தது. உத்தியோகத்தைத் துறந்து அவரையே குருவாகப் பற்றினார். குரு ஏசினார், விரட்டினார், சீடர் விலகவில்லை. குருவின் ஆணைப்படி கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை சென்று மீண்டார்.

1915இல் நோயுற்றிருந்த குருவைக் காணச் சென்றபோது, உள்ளே வரவிடாமல் வெளியிலேயே நிறுத்தப்பட்டார். குருவின் உடலைப் பற்றாது உண்மையைப் பற்றுக என்பதே அந்த இறுதி உபதேசம் என அடியார்கள் கொள்வர்.

பின்னர் சுவாமிகள் கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் தவமிருந்தார். சிறு குடிலில் வாழ்ந்து, நாடி வந்தோருக்கெல்லாம் வழிகாட்டினார். அவர் அருளிய பாடல்கள் நற்சிந்தனை எனப்படும். 1935இல் சிவதொண்டன் இதழ் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு பங்குனி ஆயிலியத்தில் மகாசமாதி அடைந்தார்.

கதிர்காமக் கந்தனை வணங்கும் நிவித்திகல அடியார்களும், கண்டிப்பிலே கருணையைக் கண்ட இச்சீடரின் வழி நின்று குருவருள் பெறுவோமாக.