கனோசாக் கோட்டையின் சீமாட்டி மத்தில்டா

ஐரோப்பியச் சரித்திரம் கற்கும் மாணாக்கர் எவரும் கனோசா என்னும் பெயரைக் கேளாதிரார். கடும் பனிக்காலத்தில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி அக்கோட்டை வாயிலில் மூன்று நாள் காத்துநின்ற செய்தி பாடபுத்தகங்களில் உண்டு. ஆயின் அக்கோட்டை யாருடையது என வினவுவோர் மிகச் சிலரே. அதற்குரியவராகிய மத்தில்டா அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பிராங்கிய அரசர்கள் தம் இராச்சியத்தின் எல்லைப்புறங்களைக் காக்க நியமித்த அதிபதிகளுக்கு மார்க்கிரேவ் என்று பெயர். இத்தாலியில் தஸ்கனி அத்தகைய எல்லை நாடுகளில் ஒன்று. கடல்வழி வந்து கொள்ளையிடும் பகைவரைத் தடுப்பது அதன் தலைவரது கடமை. நாளடைவில் காவற்றொழில் குன்றி, அதிகாரம் மாத்திரம் பரம்பரைச் சொத்தாயிற்று. கனோசாக் குடும்பத்தவராகிய பொனிபாஸ் 1027-ஆம் ஆண்டில் அப்பதவியை அடைந்தார். அவர் குமாரத்தியே மத்தில்டா. பிறப்பு ஏறக்குறைய 1046.

1052-இல் பொனிபாஸ் வேட்டையாடுகையில் கொலையுண்டார். உடன்பிறந்தாரும் இளமையிலேயே இறக்க, பரந்த நாடு முழுதும் ஒரு சிறுமியின் உரிமையாயிற்று. தாயார் பெயத்திரிசு, தம் மகளின் பாதுகாப்பை எண்ணிப்போலும், லொரேன் நாட்டுக் காட்பிரேயை மறுமணம் புரிந்தார். காட்பிரேயோ சக்கரவர்த்தி மூன்றாம் ஹென்றிக்குப் பகைவர். ஆகவே 1055-இல் தாயும் மகளும் சிறைப்பட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டனர். மறு ஆண்டு சக்கரவர்த்தி இறந்தமையால் மீண்டனர். மாற்றாந்தந்தையின் மகனை மணந்த மத்தில்டாவின் இல்வாழ்க்கை இனிக்கவில்லை. ஒரே குழந்தையும் இறந்தது. கணவரைப் பிரிந்து இத்தாலிக்குத் திரும்பினார். 1076-இல் கணவர் கொலையுண்டார். அன்னையும் அவ்வாண்டே மறைந்தார். அதுமுதல் ஆட்சி அவர் கையொன்றிலேயே நின்றது.

ஆயர்களை நியமிக்கும் உரிமை அரசருக்கோ போப்பாண்டவருக்கோ என்னும் வழக்கு அப்பொழுது முற்றியிருந்தது. சபையினின்று விலக்கப்பட்ட ஹென்றி, 1077 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, கனோசாவில் தங்கியிருந்த ஏழாம் கிரகோரியை நாடி வந்தார். கம்பளியாடை பூண்டு, வெறுங்காலுடன் நின்ற அவருக்காகப் பரிந்து பேசியவருள் மத்தில்டா முதன்மையானவர். ஹென்றி அவருக்கு உறவினரேயன்றோ? மன்னிப்புக் கிடைத்தது, சமாதானமோ நிலைக்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்தவையே அம்மையாரின் மெய்யான பெருமை என்பது எம் கருத்து. 1080-இல் வோல்த்தா என்னுமிடத்தில் அவர் சேனை தோற்றது. அடுத்த ஆண்டு ஹென்றி அவருடைய நாடும் பதவியும் பறிபோயின என்று தீர்ப்பளித்தார். நகரங்கள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டன. கனோசாக் கோவிலின் பொன் வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டுப் போப்பாண்டவரின் யுத்தச் செலவுக்கு அனுப்பப்பட்டன. 1084-இல் சொர்பாராவில், விடியுமுன் பகைவர் பாசறைமேற் பாய்ந்து அவர் படை வென்றது. அவர் கவசம் பூண்டு வாளேந்திப் பொருதார் என்பதோ பிற்காலத்தார் விரித்த கதை. நாற்பது வயதைக் கடந்தபின், அரசியல் காரணமாக, பதினேழு வயதளவான பவேரிய இளைஞர் வெல்பை மணந்தார், அதுவும் நீடிக்கவில்லை. 1091-இல் மாந்துவா வீழ்ந்தது. 1092-இல் கார்ப்பினெத்தாவிற் கூடிய அவருடைய ஆட்களே களைத்துப் பணிந்துபோகும்படி வேண்டினர். துறவி ஒருவர் மாத்திரம் வேண்டாமென்றார். அம்மையார் பணியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் கனோசாவைத் தாக்க வந்த ஹென்றி, மூடுபனியிற் சிக்குண்டு, கொடியையும் இழந்து பின்வாங்கினார். பதினைந்தாண்டுகளுக்கு முன் காத்துநின்ற வாயில் இம்முறை அவருக்குத் திறக்கவேயில்லை.

1111-இல் ஹென்றியின் மகன் ஐந்தாம் ஹென்றி நேரில் வந்து சமாதானம் செய்துகொண்டார். 1115 ஜூலை 24-ஆம் தேதி மத்தில்டா மக்கட்பேறின்றிக் காலமானார். அவர் நிலங்களுக்காகப் போப்பாண்டவர்களும் சக்கரவர்த்திகளும் நெடுங்காலம் வழக்காடினர். பொலிரோனே மடத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடலைப் பதினேழாம் நூற்றாண்டில் எட்டாம் உர்பன் ரோமாபுரிக்கு வருவித்தார். பேதுரு பேராலயத்தில் பெர்னினி வகுத்த அக்கல்லறையின் முகப்பில், கிரகோரியின் முன் முழந்தாளிட்ட ஹென்றியின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது.